மலைக்குப் போகும் வண்டிக்கு எந்த ஸ்டெப்னி?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் நாள் முழுக்கப் பொலிரோவும் தாரும் ஜிம்னியும் போய்வருகின்றன. சில, ஆசிரமத்துக்கு வந்தவர்களின் சொந்த வண்டிகள். சில, வாடகைக்கு ஓடுபவை. இன்னும் சில, ஜவ்வாது மலையிலிருந்து சாமை மூட்டையும் புளியும் ஆட்களுமாக இறங்கி வந்தவை. இவற்றின் பின்கதவில் தொங்கும் ஐந்தாவது சக்கரத்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைப் படித்து, கீழே ஓடும் நான்கின் அளவோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றாக இல்லாத வண்டிகளும் கண்ணில் படும். டயர் மாற்றியபோது நான்கை மட்டும் பெரிதாக்கிவிட்டு, ‘ஸ்டெப்னி அவசரத்துக்குத்தானே’ என்று பழையதையே விட்டிருப்பார்கள்.

கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டர் தார்ச்சாலையை விட்டு வெளியே போகாத வண்டிக்கு இதனால் பெரிய தொல்லை வராது. பஞ்சர் கடை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கடைவரை உருண்டு வந்தால் போதும். ஆனால் அதே வண்டி செங்கம் வழியாகவோ போளூர் வழியாகவோ ஜவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூருக்கு ஏறி, அங்கிருந்து ஏதோ ஒரு மலைக் கிராமத்துக்கு மண்பாதையில் திரும்பிவிட்டால் கதை வேறு. அங்கே ஸ்டெப்னி கடைவரை மட்டும் உருளும் சக்கரம் அல்ல. அதே சரிவில் ஏறி, அதே கற்களில் இறங்கி, அதே சுமையோடு ஊர் வந்து சேர வேண்டிய சக்கரம். எனவே மலைப்பாதைக்குப் போகும் வண்டியின் ஸ்டெப்னி மற்ற நான்கின் அதே அளவில், அதே வகையில், அவற்றின் தேய்மானத்துக்கு நெருங்கியதாக இருக்க வேண்டும். இதற்கான காரணத்தையும், அப்படி அமையாதபோது எவ்வளவு தூரம் விலகலாம் என்பதையும் கணக்கோடு பார்ப்போம்.

எண்ணைப் படிப்பது எப்படி?

பொலிரோவில் பரவலாகக் காணும் அளவு 215/75 ஆர் 15. இதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ‘ஆர்’ என்றால் ரேடியல் டயர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதிலிருந்து டயரின் முழு உயரத்தைக் கணக்கிடலாம். 215இல் 75 சதவீதம் 161.25 மி.மீ. ரிம்முக்கு மேலும் கீழும் பக்கச்சுவர் இருப்பதால் அதன் இரு மடங்கு, 322.5 மி.மீ. அதோடு 15 அங்குல ரிம்மின் 381 மி.மீட்டரைக் கூட்டினால் 703.5 மி.மீ. இதுதான் மொத்த விட்டம். ஸ்டெப்னி தேர்வில் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுவே. அகலமும் ரிம் அளவும் அடுத்த வரிசையில்தான் வருகின்றன.

கடையில் பலரும் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அது ஏமாற்றும். ஜிம்னிக்கு நிறுவனம் தரும் டயர் 195/80 ஆர் 15. அதன் விட்டம் 693 மி.மீ. ஜிம்னி வைத்திருப்பவர்கள் சிலர் 215/75 ஆர் 15க்கு மாறுகிறார்கள். அகலம் 20 மி.மீ. கூடினாலும் விட்டம் கூடுவது 10.5 மி.மீ. மட்டும். அதாவது ஒன்றரை சதவீதம். பொலிரோக்காரர் 215/75 ஆர் 15இலிருந்து 235/75 ஆர் 15க்கு மாறினால் அங்கும் அகலம் கூடுவது அதே 20 மி.மீ.தான். ஆனால் விட்டம் 703.5இலிருந்து 733.5 ஆகிவிடுகிறது. 30 மி.மீ. வித்தியாசம், நான்கு சதவீதத்துக்கு மேல். இருவரும் பழைய டயரையே ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டால், ஜிம்னிக்காரர் நிதானமாக ஊர் வந்து சேரலாம். பொலிரோக்காரருக்கு அந்தத் துணிவு கூடாது.

ரிம் அளவும் இப்படித்தான். தார் ராக்ஸ் வண்டியில் சில வகைகளுக்கு 255/65 ஆர் 18 டயரும் சிலவற்றுக்கு 255/60 ஆர் 19 டயரும் வருகின்றன. முதலாவதன் விட்டம் 788.7 மி.மீ., இரண்டாவதன் விட்டம் 788.6 மி.மீ. ரிம் ஒரு அங்குலம் மாறியும் சாலையில் இரண்டும் ஒரே தூரம்தான் உருளும். மூன்று கதவு தாரில் வரும் 245/75 ஆர் 16, 255/65 ஆர் 18 ஆகிய இரண்டுக்கும் இடையே சுமார் 15 மி.மீ. வித்தியாசம் உண்டு. அது ஏறத்தாழ இரண்டு சதவீதம். ‘18 பெரிசு, 16 சின்னது’ என்று ரிம்மை வைத்துப் பேசுவதில் பயனில்லை. பேசவேண்டியது மொத்த விட்டத்தைப் பற்றித்தான்.

கணக்குப் போட விருப்பமில்லாதவர்கள் அளந்தே பார்த்துவிடலாம். ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். டயரின் தரையில் படும் பகுதியான பட்டனின் நடுக்கோட்டில் நீளாத நூல் ஒன்றைச் சுற்றி, முனைகள் சேரும் இடத்தில் பேனாவால் குறியிடுங்கள். அதே நூலை ஸ்டெப்னியின் நடுக்கோட்டில் சுற்றுங்கள். இரண்டிலும் காற்று ஒரே அளவில் இருக்க வேண்டும். பொலிரோ டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2,210 மி.மீ. எனவே நூலில் 2 சென்டிமீட்டர் வித்தியாசம் தெரிந்தால் ஒரு சதவீதம் என்று கொள்ளலாம். நான்கு சென்டிமீட்டரைத் தாண்டினால் அந்த ஸ்டெப்னியை நம்பி மலை ஏற வேண்டாம்.

ஒரே அச்சில் இரண்டு உயரம்

விட்டம் மாறினால் என்ன கெட்டுவிடும்? வண்டி நேராகப் போகும்போது ஒரு அச்சின் இரு சக்கரங்களும் ஒரே தூரத்தைக் கடக்கின்றன. விட்டம் ஒன்றாக இருந்தால் சுற்றும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும். மேலே சொன்ன பொலிரோவில் பின்னே ஒரு பக்கம் 235, மறுபக்கம் 215 மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டருக்குப் பெரிய சக்கரம் சுமார் 434 சுற்று சுற்றும். சின்னது சுமார் 452 சுற்று சுற்றும். 40 கிலோமீட்டர் மலைப்பாதையில் சின்ன சக்கரம் 700 சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றியிருக்கும்.

இந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்வது பின் ஹவுசிங்குக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாகச் சுற்ற இடம் கொடுப்பதற்காகவே அது இருக்கிறது. நேர்ச்சாலையில் அதன் உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரங்கள் பெரும்பாலும் சும்மா இருக்கும். அளவு மாறிய சக்கரத்தை மாட்டியதும் அவை ஓயாமல் உரசிச் சுழலத் தொடங்குகின்றன. ஆயிலும் பல்லும் சூடாகின்றன. ஒரே நுகத்தில் நெட்டை மாட்டையும் குட்டை மாட்டையும் பூட்டி உழுவதைப் போன்றது இது. ஒரு சால் ஓட்டலாம், நாள் முழுக்க ஓட்ட முடியாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மெதுவாகப் போனால் டிஃபரன்ஷியல் தாங்கும். மூட்டை ஏற்றிய வண்டியை மலையில் ஏற்றி இறக்கி, மறுநாளும் அதே சக்கரத்தில் ஓட்டினால் தேய்மானம் தொடங்கிவிடும்.

பின் அச்சில் டிஃபரன்ஷியல் லாக் உள்ள வண்டிகளுக்கு எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். ஃபோர்ஸ் கூர்காவில் முன் பின் இரு அச்சுக்கும் லாக் உண்டு. லாக் போட்டதும் இடது வலது சக்கரங்கள் ஒரே வேகத்தில் சுற்றியே ஆக வேண்டும். விட்டம் வேறாக இருந்தால் ஏதோ ஒரு டயர் தரையில் தேய்ந்து சறுக்க வேண்டும், அல்லது ஆக்ஸில் முறுக்கிக்கொள்ள வேண்டும். வேறு வழியில்லை.

ஃபோர் வீல் போடும்போது

நம் ஊரில் மலையேறும் வண்டிகளில் பொலிரோக்கள் பெரும்பாலும் பின்சக்கர இயக்கம் கொண்டவை. ஜிம்னியிலும் கூர்காவிலும் தாரின் ஃபோர் வீல் வகைகளிலும், தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களையும் இணைக்கும் அமைப்பு இருக்கிறது. நான்கு சக்கரமும் இயங்கும் 4ஹெச் அல்லது 4எல் நிலையைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பூட்டப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. முன் அச்சின் சராசரிச் சுற்றும் பின் அச்சின் சராசரிச் சுற்றும் சமமாக இருந்தே ஆக வேண்டும்.

மண்ணிலும் சகதியிலும் ஓடும்போது டயர் சற்றே சறுக்கி, பூட்டிய அச்சுகளுக்கிடையே ஏறும் முறுக்கைத் தணித்துவிடும். தார்ச்சாலையில் அப்படிச் சறுக்காது. அதனால்தான் ஃபோர் வீலைத் தார்ச்சாலையில் போடாதீர்கள் என்று வண்டியோடு வரும் கையேடு சொல்கிறது. இப்போது ஒரு சக்கரம் மட்டும் நான்கு சதவீதம் சின்னதாக இருந்தால், அந்த அச்சின் சராசரி இரண்டு சதவீதம் மாறும். நேர்ப்பாதையிலேயே முறுக்கு ஏறிக்கொண்டிருக்கும். சிமென்ட் சாலையும் வழுக்குப் பாறையும் கெட்டித் தரையுமாக மாறிமாறி வரும் மலைப்பாதையில் டயருக்குச் சறுக்கி இளக வாய்ப்புக் குறைவு. 4ஹெச்சிலிருந்து, பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் 2ஹெச்சுக்கு லீவர் விழாமல் இறுகிக்கொள்வது இதன் முதல் அடையாளம். அப்படி இறுகினால் வண்டியைச் சில அடி பின்னே எடுத்தால் முறுக்குத் தளர்ந்து லீவர் விழும். லீவரை அடித்து இழுக்கக் கூடாது.

எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் ஆல் வீல் டிரைவ் கார்களில் விதி இன்னும் கடுமை. அமெரிக்காவில் சுபாரு நிறுவனம் தன் கார்களின் நான்கு டயர்களுக்கும் இடையே சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. நம் பகுதி வண்டிகளுக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். ஆனால் அளவைப் பற்றிக் கவலைப்படுவது வெறும் பயம் அல்ல என்பதற்கு அது சான்று.

கிட் இருந்தால் போதாதா?

2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. ஓட்டுநர் உட்பட 9 பேருக்கு மேற்படாத, 3.5 டன்னுக்கு உட்பட்ட கார்களில் டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் டியூப்லெஸ் டயருக்கான பழுது நீக்கும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகரத்துக்குள் ஓடும் காருக்கு இது நியாயமான சலுகை. எடை குறையும், டிக்கியில் இடம் கூடும்.

ஆனால் கிட் எதைச் சரிசெய்யும் என்பதைப் பார்க்க வேண்டும். பட்டன் பகுதியில் ஏறிய ஆணியின் துளையை அது அடைக்கும். ஸ்ட்ரிப் சொருகினாலும் சரி, உள்ளே திரவம் ஏற்றினாலும் சரி, தரையில் படும் பகுதியிலுள்ள சின்னத் துளைக்கு மட்டுமே அது மருந்து. மலைப்பாதையில் டயர் போவது பெரும்பாலும் பக்கச்சுவரில். பாதையோரம் துருத்திக்கொண்டிருக்கும் கருங்கல் விளிம்பும், வெட்டி விட்ட மரத்தின் கூரிய அடிக்கட்டையும் பக்கச்சுவரைக் கிழித்துவிடுகின்றன. வண்டியின் சுமையில் மடங்கி நிமிரும் இடம் அது. அங்கே விழுந்த கிழிசலை எந்த ஸ்ட்ரிப்பும் தாங்காது, எந்தத் திரவமும் அடைக்காது. அந்த டயரின் ஆயுள் அதோடு முடிந்தது. சட்டம் கேட்காவிட்டாலும் மலைக்குப் போகும் வண்டிக்கு முழு ஸ்டெப்னி வேண்டும் என்பது இதனால்தான். கிட்டையும் சிறிய காற்றடிக்கும் கருவியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஆணிக்கு கிட், கிழிசலுக்கு ஸ்டெப்னி.

ஒல்லி ஸ்டெப்னியும் வேறு ரிம்மும்

இடத்தையும் செலவையும் மிச்சம் பிடிக்க சில கார்களில் நிறுவனமே ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியைத் தருகிறது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அதன் மேல் ஒட்டியிருக்கும். தார்ச்சாலையில் அடுத்த கடைவரை போவதற்கு அது போதும். மண்பாதையில் அதன் ஒடுங்கிய அகலம் பிடிப்பைக் குறைக்கும், பிரேக் தூரத்தைக் கூட்டும், ஈர மண்ணில் புதைந்துகொள்ளும். எஸ்யூவி வாங்கும்போது சன்ரூஃபையும் திரையையும் பார்க்கும் கண், டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கி ஸ்டெப்னியையும் பார்க்க வேண்டும்.

ஓடும் நான்கும் அலாய், ஸ்டெப்னி மட்டும் ஸ்டீல் ரிம் என்பதும் வழக்கம். டயர் அளவு ஒன்றாக இருந்தால் இதில் தவறில்லை. அடி வாங்கினால் அலாய் விரிசல் விட்டு உடையும், ஸ்டீல் நெளியும். நெளிந்ததைத் தட்டி நிமிர்த்தி ஊர் வந்து சேரலாம் என்பதால் மலைக்கு ஸ்டீல் நல்லதுதான். ஆனால் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் பொருந்த வேண்டும். ஜிம்னியில் அது 5 போல்ட், 139.7 மி.மீ. ரிம் உள்வாங்கியோ வெளித்தள்ளியோ நிற்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் காலிபரிலோ ஃபெண்டரிலோ உரசும். மூன்றாவது, நட்டு. வெளியில் வாங்கிப் போட்ட அலாய்க்கு வரும் நட்டின் அடிப்பகுதியும் நீளமும் ஸ்டீல் ரிம்முக்கு ஒத்துவராமல் போகலாம். ஒத்துவராத நட்டு, இறுக்கியதுபோல் தோன்றி ஓட்டத்தில் தளர்ந்துவிடும். ஸ்டீல் ரிம்முக்கான நட்டு ஒரு செட் வண்டியிலேயே இருக்கட்டும்.

டயரில் அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் எழுத்தும் இருக்கும். உதாரணமாக, 100எஸ். இதில் 100 என்பது அந்த ஒரு டயர் 800 கிலோ சுமக்கும் என்பதைக் குறிக்கும். எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர்வரை தாங்கும் என்பதைக் குறிக்கும். இந்த எண் 94 என்றால் சுமை 670 கிலோதான். காரிலிருந்து கழற்றிய டயரை ரிம்முக்குப் பொருந்துகிறது என்பதற்காகப் பொலிரோவில் ஸ்டெப்னியாகத் தொங்கவிடுபவர்கள் இதைப் பார்ப்பதில்லை. ஆளும் மூட்டையும் ஏறிய வண்டியில் பின்சக்கரம் ஒன்றில் 130 கிலோ குறைவது விளையாட்டல்ல. பழைய ஜீப்புகளில் ஓடும் 6.00-16 போன்ற நைலான் டயரையும் ரேடியலையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. இரண்டின் பக்கச்சுவரும் மடங்கும் விதம் வேறு. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பெரிய டயருக்கு மாறியவர்களுக்கு

பெரிய டயர் போடுவதால் கிடைக்கும் நன்மை நினைப்பதைவிடக் குறைவு. விட்டம் 30 மி.மீ. கூடினால் வண்டியின் அடிப்பகுதி உயர்வது அதில் பாதி, 15 மி.மீ. மட்டும். பதிலுக்கு இழுவை குறையும், மைலேஜ் இறங்கும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. நிறுவனம் அனுமதிக்கும் அளவைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கோரும் நாளில் கேள்வி வரக்கூடும். கையேட்டிலும் ஓட்டுநர் பக்கக் கதவோரத்து ஸ்டிக்கரிலும் போட்டிருக்கும் அளவுகளுக்குள் நிற்பது எல்லா வகையிலும் நல்லது. பொதுவாக டயர் தொழிலில் இருப்பவர்கள் அளவு மாற்றத்துக்குச் சொல்லும் வரம்பு, மொத்த விட்டத்தில் 3 சதவீதம்.

அப்படியும் மாறுவதாக முடிவு செய்தால் நான்கோடு நிறுத்தாதீர்கள், ஐந்தாக வாங்குங்கள். வாங்குமுன் ஐந்தாவது எங்கே இருக்கப்போகிறது என்று பாருங்கள். பின்கதவுத் தாங்கியில் பெரிய டயர் பம்பரிலோ நம்பர் பிளேட்டிலோ இடிக்கலாம். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி என்றால் சைலன்சரில் உரசலாம். எடையையும் பாருங்கள். இத்தகைய சக்கரம் ஒன்று ரிம்மோடு சேர்ந்து 25 முதல் 30 கிலோவுக்கு மேலும் வரும். பின்கதவின் கீல், நிறுவனம் தந்த சக்கரத்தின் எடைக்குத்தான் செய்யப்பட்டது. கல் பாதையில் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த எடை கீலை இழுக்கிறது. கதவு கீழே இறங்கி, மூடும்போது தூக்கி அழுத்த வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது என்று பொருள்.

இன்னொன்று, ஊரில் கிடைக்கும் அளவா என்பது. எந்த டயர் கடையிலும் பரவலாக ஓடும் அளவுகள்தான் கையிருப்பில் இருக்கும். 215/75 ஆர் 15 போன்றது எளிதில் கிடைக்கும். தேடிப்பிடித்துப் போட்ட அளவில் ஒன்று கிழிந்தால் வேலூருக்கோ சென்னைக்கோ சொல்லிக் காத்திருக்க நேரும். அந்த நாட்களெல்லாம் வண்டி உங்கள் ஸ்டெப்னியில்தான் ஓடும்.

தேய்மானமும் ஒரு அளவுதான்

ஐந்தையும் ஒரே அளவில் வாங்கியவர்களும் தவறும் இடம் ஒன்று உண்டு. ஸ்டெப்னியைத் தொடாமலே வைத்திருப்பார்கள். புது டயரின் பட்டன் ஆழம் 8 மி.மீ. என்றும், ஓடிய நான்கு 3 மி.மீட்டருக்குத் தேய்ந்துவிட்டன என்றும் கொள்வோம். ஆரத்தில் 5 மி.மீ. போனால் விட்டத்தில் 10 மி.மீ. போகும். பொலிரோ அளவில் அது 1.4 சதவீதம். ஜிம்னிக்காரர் அளவையே மாற்றியதால் வந்த வித்தியாசம் இங்கே வெறும் தேய்மானத்தால் வந்துவிட்டது. கார்களுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச பட்டன் ஆழம் 1.6 மி.மீ. மலைக்கு அதற்கு வெகு முன்பே மாற்றிவிட வேண்டும்.

இதற்குத் தீர்வு, ஐந்தையும் சுழற்சியில் ஓடவிடுவது. 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர் மாற்றி மாட்டும்போது ஸ்டெப்னியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையேட்டில் ஐந்து சக்கரச் சுழற்சிக்குப் படம் இருந்தால் அதன்படி செய்யுங்கள். பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ள டயரை மட்டும் பக்கம் மாற்றக் கூடாது.

ஐந்தாவது டயருக்கு வீண் செலவு என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நான்கு டயர் 50,000 கிலோமீட்டர் உழைக்கும் என்றால், அதே டயர் ஐந்தைச் சுழற்சியில் ஓட்டும்போது வண்டி 62,500 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஐந்தாவதுக்குக் கொடுத்த பணம் கூடுதல் 12,500 கிலோமீட்டராகத் திரும்பி வந்துவிடுகிறது. ஓடாமலே தொங்கும் ஸ்டெப்னியோ ஒரு கிலோமீட்டரும் தராமல் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது.

வயதும் முக்கியம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கவும், பத்து ஆண்டுக்கு மேல் ஆனதை எப்படித் தோன்றினாலும் மாற்றவும் டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. அக்னி நட்சத்திர வெயிலை ஆண்டுதோறும் வாங்கும் நம் ஊரில், பின்கதவில் தொங்கும் டயருக்கு உறை போடுவது அலங்காரமல்ல, பாதுகாப்பு. நான்கு டயருக்குக் காற்றுப் பார்க்கும்போது ஐந்தாவதுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். டயரில் காற்று மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாகவே இறங்கும். ஒரு வருடம் கவனிக்காத ஸ்டெப்னியை மாட்டினால் தட்டையாகத்தான் உட்காரும்.

வேறு அளவு மாட்ட நேர்ந்தால்

இவ்வளவும் அறிந்தவருக்கும் ஒரு நாள் வேறு அளவு சக்கரத்தை மாட்ட வேண்டிய நிலை வரலாம். அப்போது செய்ய வேண்டியவை சில. முதலில் வண்டியைச் சரிவிலிருந்து சமதளத்துக்கு நகர்த்துங்கள். டயர் போனாலும் பரவாயில்லை, சரிவில் ஜாக்கி போடாதீர்கள். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டக் கொடுங்கள். ஜாக்கியின் அடியில் அகலமான பலகை வையுங்கள். மண்ணில் ஜாக்கி புதைந்தால் வண்டி சரிந்துவிடும்.

பின்சக்கர இயக்க வண்டியில் பின்டயர் கிழிந்திருந்தால், முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னே மாட்டிவிட்டு, அளவு மாறிய ஸ்டெப்னியை முன்னே மாட்டுங்கள். எஞ்சின் இழுக்கும் அச்சில் இரு பக்கமும் ஒரே விட்டம் இருக்கும். கைவேலை இரட்டிப்பாகும், ஆனால் டிஃபரன்ஷியல் தப்பிக்கும். ஃபோர் வீல் வண்டி என்றால் 2ஹெச்சில் ஓட்டுங்கள், விதி அதேதான். 4எல் போட்டே ஏற வேண்டிய இடம் வந்தால் இளகிய மண்ணில் மட்டும் போட்டு, ஏறியதும் எடுத்துவிடுங்கள். அச்சு லாக்கைத் தொடாதீர்கள். ஏபிஎஸ் விளக்கோ டயர் அழுத்த விளக்கோ எரியலாம். சக்கரம் சுற்றும் வேகம் வேறுபடுவதால் வரும் எச்சரிக்கை அது. அந்நேரம் ஏபிஎஸ் வழக்கம்போல் உதவாது என்று எண்ணியே பிரேக் பிடியுங்கள். இறக்கத்தில் கியரில் இறங்குங்கள். 50 கிலோமீட்டர் தூரம் ஓட்டியதும் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். ஊருக்குள் வந்ததும் முதல் வேலை, சரியான டயரை வாங்கி அந்தச் சக்கரத்தை மாற்றுவது.

டயர் கடையில் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை ஆறு: மொத்த விட்டம் ஒன்றா, சுமை எண் குறையாமல் இருக்கிறதா, ரேடியலா நைலானா, ரிம்மும் நட்டும் பொருந்துமா, செய்த வாரம் எது, தாங்கியில் உட்காருமா. ஆறுக்கும் சரியான விடை வந்தால் அது உங்கள் ஸ்டெப்னி. நாளையே ஐந்து டயர் வாங்க வசதியில்லாதவர் ஓடும் நான்கில் தேய்ந்த இரண்டை மாற்றும்போது, கழற்றியவற்றில் நல்ல ஒன்றை அதே அளவு ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம். வேறு அளவில் புத்தம் புதிதாக இருப்பதைவிட, அதே அளவில் பாதி தேய்ந்தது மேல்.

இதைச் சொந்த வண்டிக்காரர்களிடம் மட்டும் சொல்லவில்லை. ஆசிரமப் பகுதியிலிருந்து வாடகைக்கு வண்டி விடுபவர்களிடமும், மலைக் கிராமத்துக்கும் சந்தைக்கும் ஆளேற்றிப் போகும் ஓட்டுநர்களிடமும் கூடுதல் அழுத்தத்தோடு சொல்கிறோம். அந்த வண்டியில் பிரசவத்துக்குப் போகும் பெண் இருக்கலாம், விளைச்சலை விற்கப் போகும் குடும்பம் இருக்கலாம். அவர்களில் யாரும் ஏறுமுன் பின்கதவைப் பார்த்து டயர் அளவைப் படிக்கப் போவதில்லை. அவர்களுக்காக அதைப் படித்து வைத்திருப்பது வண்டிக்காரரின் வேலை.